நோர்வேயின் சட்டச் சொற்களை ஆங்கிலமாக்கும்போது எந்தச் சொல்லை எடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான்: நோர்வேஜிய மொழியும் ஆங்கிலமும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் உறவினரும் தெரிந்தவர்களும் தீர்ப்பு, விவாகரத்துப் பத்திரம், பொலிஸ் கடிதம் என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். லண்டனுக்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்ப ஆங்கிலத்தில் வேண்டும். அகராதியைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொற்கள் கிடக்கின்றன. எதைப் போடுவது? அரசே அங்கீகரித்த பட்டியல் ஏதும் உண்டா?

எல்லோரும் கட்டாயம் பின்பற்ற வேண்டிய ஒற்றைப் பட்டியல் இல்லை. அதற்குக் கிட்ட வருவது லொவ்டாட்டா தளத்தில் உள்ள ஆங்கிலச் சட்டங்கள். நீதியமைச்சும் ஒஸ்லோ பல்கலைக்கழகச் சட்ட பீடமும் 1981இல் நிறுவிய அறக்கட்டளை அது. தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சிவில் வழக்குகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டவர் சட்டம் எல்லாம் அங்கே ஆங்கிலத்தில் கிடைக்கும். ஆனால் அவை தகவலுக்காக மட்டும். முரண்பட்டால் நோர்வேஜிய மூலம்தான் செல்லும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் செய்தவை என்பதால், ஒரே சொல் ஒரு சட்டத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் வரும். தொடங்குவதற்கு நல்ல இடம். அதோடு நின்றுவிட முடியாது.

என்னைக் கேட்டால், மூன்றில் எது சரி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தத் தாள் யாருடைய மேசைக்குப் போகிறது, அந்தச் சொல்லைக் கண்டதும் அவர் என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். ஆங்கிலச் சட்டச் சொல் ஒவ்வொன்றோடும் இங்கிலாந்தின் நடைமுறை ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. இலங்கையும் இந்தியாவும் அதே சொற்களை வாங்கித் தங்கள் பொருளையும் ஏற்றி வைத்திருக்கின்றன. நோர்வேயின் சட்டமோ வேறு குடும்பம். ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் 1687இல் கொண்டுவந்த சட்டத் தொகுப்பின் சில விதிகள் இன்றும் செல்லுபடியாகும் நாடு இது. அதனால் படிப்பவருக்கு நன்றாகப் பழகிய ஆங்கிலச் சொல்தான் பெரும்பாலும் அவரை அதிகமாக வழிதவற வைக்கிறது. கொஞ்சம் அந்நியமாக ஒலிக்கும் சொல்லைக் கண்டால் நின்று யோசிப்பார்.

குற்ற வழக்குத் தாள்களில் தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஒரு சொல்லால் ஒருவருக்கு விசாவோ வேலையோ போகும். நோர்வேயில் ஒருவர் முதலில் மிஸ்தென்க்ட், அதாவது சந்தேக நபர். அடுத்த நிலை சிக்தெத். அதற்குப் பிறகு, குற்றப்பத்திரம் தாக்கலானதும், தில்தால்ட். சிக்தெத் என்பதற்கு அகராதியும் சட்ட மொழிபெயர்ப்பும் தருவது 'சார்ஜ்ட்'. தில்தால்ட் என்பதற்கு 'இன்டைட்டட்'. மேலோட்டமாகப் பார்த்தால் பிரச்சினை இல்லை.

இங்கிலாந்தில் ஒருவர் 'சார்ஜ்ட்' என்றால், சான்று போதும் என்று முடிவாகிவிட்டது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது என்று பொருள். நோர்வேயில் சிக்தெத் ஆவது பல நேரங்களில் விசாரணையின் ஆரம்பத்திலேயே நடக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி, வழக்குத்தொடுநர் தரப்பு அப்படி அறிவித்தாலும் ஆகலாம். ஒருவரைக் கைது செய்யவோ அவர் வீட்டைச் சோதனையிடவோ முடிவெடுத்தாலே ஆகிவிடும். அந்த நிலையோடு அவருக்குச் சில உரிமைகளும் வருகின்றன. சட்டத்தரணி வைத்துக்கொள்வது அவற்றில் ஒன்று. ஆக, அது ஒரு பாதுகாப்பும்கூட. அதை வெறுமனே 'சார்ஜ்ட்' என்று எழுதி லண்டனுக்கு அனுப்பினால், அங்கே இருப்பவர் விசாரணை முடிந்து குற்றப்பத்திரம் தாக்கலாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார். 'உங்கள்மீது எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதா' என்று கேட்கும் படிவங்கள் ஏராளம்.

நான் செய்வது என்னவென்றால், 'சார்ஜ்ட்' என்ற சொல்லை மாற்றுவதில்லை. சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் அதுதான் இருக்கிறது, வேறு சொல் போட்டால் இன்னொரு குழப்பம். ஆனால் முதல் தடவை வரும்போதே, இது நோர்வே சட்டத்தின் 82ஆம் பிரிவின் கீழான முறையான சந்தேக நபர் நிலை, குற்றப்பத்திரம் இன்னும் தாக்கலாகவில்லை என்று ஒரு வரிக் குறிப்பு வைக்கிறேன். தில்தால்ட் வரும் இடத்தில் 'சார்ஜ்ட்' என்று மறந்தும் எழுதுவதில்லை. இரண்டு நிலைகளுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் பிறகு எந்தக் குறிப்பாலும் காப்பாற்ற முடியாது.

வழக்கு கைவிடப்பட்டால் கடிதத்தில் ஹென்லாக்ட் என்று வரும். இதை 'டிஸ்மிஸ்ட்' என்று எழுதுவார்கள். நீதிபதி தள்ளுபடி செய்ததாக ஒலிக்கிறது; உண்மையில் முடிவெடுத்தது வழக்குத்தொடுநர். 'டிஸ்கன்டினியூட்' நல்லது. அதைவிட முக்கியம், ஏன் கைவிட்டார்கள் என்ற வரி. சான்றின் நிலையைக் கருதி என்று ஒரு காரணம் உண்டு. தண்டனைக்குரிய செயலே நடக்கவில்லை என்று இன்னொன்று உண்டு. முதலாவது, நிரூபிக்கப் போதவில்லை என்பதோடு நிற்கிறது. இரண்டாவது ஒருவரை முழுவதுமாக விடுவிக்கிறது. இரண்டையும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் போட்டு அனுப்பிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்குச் செய்யும் பெரிய அநியாயம் அது.

இதே தாள்களில் பொலித்திஅத்வொகாட் என்ற கையெழுத்தும் இருக்கும். 'பொலிஸ் அட்வகேட்' என்று எழுதினால் பொலிசாருக்காக வாதாடும் வக்கீல் என்று தோன்றும். நோர்வேயில் வழக்குத்தொடுக்கும் அதிகாரத்தின் கீழ்ப்படி பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சட்டம் படித்தவர்கள் வழக்குத்தொடுநராக வேலை செய்கிறார்கள். எனவே 'பொலிஸ் பிராசிக்யூட்டர்'. அவர்களுக்கு மேலே அரச வழக்குத்தொடுநரான ஸ்டாட்ஸ்அத்வொகாட், எல்லோருக்கும் மேலே தலைமை வழக்குத்தொடுநரான ரிக்ஸ்அத்வொகாட். இந்த 'அத்வொகாட்' ஒட்டியிருக்கும் யாரையும் 'அட்வகேட்' ஆக்காதீர்கள். யூரிஸ்ட் என்பதும் அப்படித்தான்: சட்டப் பட்டதாரி என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் 'ஜூரிஸ்ட்' என்றால் பெரிய சட்ட அறிஞர். அலுவலகத்தில் நேற்றுச் சேர்ந்த பிள்ளையை அப்படி எழுதிவைத்தால் சிரிப்பார்கள்.

ஃபோரெலெக் என்று ஒன்று வரும். வேக மீறலிலிருந்து சின்னத் திருட்டு வரை பொலிஸ் எழுதிக் கொடுக்கும் அபராதப் பத்திரம். இதற்குச் சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் ஒரு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ரிட் கிவிங் ஆன் ஆப்ஷன் ஆஃப் எ ஃபைன்'. கேட்க அலங்கோலமாக இருந்தாலும் விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது. அபராதத்தை ஏற்றுக்கொள்ளலாம், மறுத்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். சும்மா 'ஃபைன்' என்று எழுதினால் ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்பது காணாமல் போகிறது. அந்த ஏற்பு தாளில் ஒரு கையெழுத்தாகக் கீழே இருக்கும். அதையும் மொழிபெயர்க்க வேண்டும்.

அடுத்தது நான் அதிகம் சண்டை பிடிக்கிற சொல்: ஃபோர்வாரிங். சட்டத்தின் ஆங்கில வடிவம் இதற்கு 'பிரிவென்டிவ் டிடென்ஷன்' என்கிறது. ஐரோப்பியச் சட்டத்தரணிகளுக்கு இது விளங்கும். இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருப்பவருக்கு அந்த இரண்டு சொற்களும் வேறு உலகம். பயங்கரவாதத் தடைச் சட்டம், தேசியப் பாதுகாப்புச் சட்டம், குண்டர் சட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வரும்; விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து வைத்திருப்பது. நோர்வேயின் ஃபோர்வாரிங் அதற்கு நேர் எதிர். முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்பட்டு, சாதாரணச் சிறைத்தண்டனை சமூகத்தைப் பாதுகாக்கப் போதாது என்று நீதிமன்றம் கருதினால் விதிக்கும் தண்டனை அது. ஒரு கால வரம்பு போடுவார்கள். அது முடியும்போது ஆபத்து தொடர்கிறது என்று நீதிமன்றம் கண்டால், ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகள் வரை நீட்டலாம். விடுதலை கேட்பதற்கு முன் கழிக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்தையும் தனியாகக் குறிக்கலாம்.

2011 ஜூலை 22ஆம் தேதி ஒஸ்லோவிலும் உட்டோயா தீவிலும் நடந்த தாக்குதல்களுக்கு 2012 ஆகஸ்ட் 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒஸ்லோ நீதிமன்றம் விதித்தது 21 ஆண்டு ஃபோர்வாரிங், குறைந்தபட்சம் 10 ஆண்டு. உலகப் பத்திரிகைகள் பலவற்றில் '21 ஆண்டு சிறை' என்று வந்தது. 77 பேரைக் கொன்றவனுக்கு வெறும் 21 ஆண்டா என்று எல்லோரும் கொதித்தார்கள். நீட்டிக்கொண்டே போகலாம் என்ற பகுதி மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிட்டது. கொழும்புக்குப் போகும் தாளில் 'பிரிவென்டிவ் டிடென்ஷன்' என்று எழுதினால், அதோடு 'நீட்டிக்கக்கூடிய தண்டனையாக, குற்றம் நிரூபணமான பின் நீதிமன்றம் விதித்தது' என்ற பொருளில் ஒரு தொடரைக் கட்டாயம் சேருங்கள். விசாரணைக்கு முன்பான காவல் வாரெதெக்ட்; அது நம் விளக்கமறியல். 'ரிமாண்ட்' என்று போட்டால் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே மாதிரி விளங்கும். இப்படி எந்தச் சிக்கலும் தராத சொற்களும் உண்டு.

ட்ராப் என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆளைக் கொல்வது. தண்டனைச் சட்டத்தின் 275ஆம் பிரிவு, 8 முதல் 21 ஆண்டு வரை சிறை. செய்திகளில் உடனே 'மர்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 'மர்டர்', 'மேன்ஸ்லாட்டர்' என்ற பிரிப்பு வேறு அளவுகோலில் நடக்கிறது; நோர்வேயின் பிரிவு அந்தக் கோட்டின்மேல் உட்காராது. 'ஹோமிசைட்' என்பது உயிரற்ற சொல்லாகத் தோன்றினாலும் பிழையில்லாதது. அக்கறையின்மையால் மரணம் விளைவிப்பது வேறு பிரிவு, 281.

குடும்ப விவகாரங்கள்தான் உங்களிடம் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். அங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நோர்வேயில் சாதாரண விவாகரத்தை நீதிமன்றம் தருவதில்லை. மாவட்ட அளவில் அரசின் பிரதிநிதியான ஸ்டாட்ஸ்ஃபோர்வால்டர் தருகிறார். 2021க்கு முந்திய தாள்களில் அதே பதவி ஃபில்கெஸ்மன் என்று இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் 'கவுண்டி கவர்னர்'தான். முதலில் பிரிவுக்கான பெவில்லிங், ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு விவாகரத்துக்கான பெவில்லிங். பெவில்லிங் என்றால் நிர்வாகம் வழங்கும் அனுமதி.

இப்போது இந்தத் தாள் இலங்கைக்கு மறுமணப் பதிவுக்காகப் போகிறது என்று வையுங்கள். அங்கே விவாகரத்து என்றால் மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பாணை, முதலில் இடைக்காலமான 'நைசை', பிறகு இறுதியான 'அப்சலூட்'. பதிவாளர் அதைத் தேடுவார். அவரைத் திருப்திப்படுத்த 'டிவோர்ஸ் டிக்ரீ' என்று எழுதிவிடலாமா என்ற ஆசை வரும். வேண்டாம். கோர்ட் பெயரும் வழக்கு இலக்கமும் எங்கே என்று அடுத்த கேள்வி வரும், அவை உலகத்திலேயே இல்லை. இங்கிலாந்திலும் 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு 'டிக்ரீ அப்சலூட்' என்ற பெயரே போய் 'ஃபைனல் ஓர்டர்' வந்துவிட்டது; அந்தச் சொல்லை இரவல் வாங்கினாலும் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும். 'கவுண்டி கவர்னர் வழங்கிய விவாகரத்து' என்று நேராக எழுதுங்கள். நோர்வேயின் திருமணச் சட்டப்படி இந்த அதிகாரியே விவாகரத்து வழங்குகிறார் என்று ஒரு வரிக் குறிப்பு போதும்.

இன்னொன்று: பிரிவுப் பத்திரத்தையே விவாகரத்துப் பத்திரம் என்று நினைத்துக் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர். மேலே என்ன தலைப்பு என்று முதலில் பாருங்கள். தலைப்பில் ஸெபாராஷூன் என்று இருந்தால் அவர் சட்டப்படி இன்னும் மணமானவர். அதை 'லீகல் செபரேஷன்' என்று எழுதுங்கள். 'ஜுடிஷியல் செபரேஷன்' என்றால் மறுபடியும் இல்லாத நீதிமன்றம் ஒன்று உள்ளே வந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் 'கஸ்டடி' என்ற சொல்லை நான் கிட்டத்தட்டத் தடை செய்துவிட்டேன். நோர்வேயில் மூன்று தனித்தனி விஷயங்கள் உண்டு. ஃபோரெல்ட்ரெஆன்ஸ்வார்: பிள்ளைக்காகப் பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமையும் கடமையும். ஃபாஸ்ட் பூஸ்டெட்: பிள்ளை நிரந்தரமாக யாருடன் வசிக்கிறது என்பது. சம்வேர்: மற்றப் பெற்றோரோடு பிள்ளை செலவழிக்கும் நேரம். தாயிடம் வசிக்கும் பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தே ஃபோரெல்ட்ரெஆன்ஸ்வார் வைத்திருப்பது மிகச் சாதாரணம். அங்கே 'மதர் ஹாஸ் கஸ்டடி' என்று எழுதினால் என்ன ஆகும்? இருவருக்கும் அந்தப் பொறுப்பு இருந்தால், பிள்ளையை வெளிநாட்டில் குடியமர்த்த இருவரின் சம்மதமும் வேண்டும். பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை பிள்ளையின் வசிப்பிடத்தைத் தீர்மானிக்கும் உரிமையைக் 'கஸ்டடி உரிமை'க்குள் வைக்கிறது. பிரித்தானியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. அதாவது தகப்பனுக்கு இருக்கும் உரிமையை ஒரே சொல்லால் அழித்திருப்பீர்கள். 'பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி', 'பெர்மனன்ட் ரெசிடென்ஸ்', 'காண்டாக்ட்' என்று மூன்றையும் மூன்றாகவே விடுங்கள். 1981இன் பிள்ளைகள் சட்டம் நீநோர்ஸ்கில் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். நோர்வேஜியத்தின் மற்ற எழுத்து வடிவமான பூக்மோலில் பழகிய கண்ணுக்குச் சில வடிவங்கள் வேறாகத் தெரியும்.

பார்னெவார்ன், அதாவது பிள்ளைகள் பாதுகாப்புச் சேவையின், தாள்களில் பதற்றம் அதிகம் என்பதால் மொழியும் சூடாகிவிடுகிறது. பிள்ளையின் பராமரிப்பை அந்தச் சேவை ஏற்கும் ஓம்ஸோர்க்ஸ்ஓவெர்தாகெல்ஸெ என்பதைப் பிள்ளையைப் பறித்தல் என்ற தொனியில் எழுதுபவர்களும் உண்டு. ஒரு பக்கம் சாய்ந்த சொல் மேன்முறையீட்டில் உங்கள் ஆளுக்கே எதிராகத் திரும்பும். 'கேர் ஓர்டர்' போதும். முடிவெடுத்த இடம் 2023 முதல் பார்னெவார்ன் மற்றும் சுகாதார நெம்ண்ட், அதற்கு முன் ஃபில்கெஸ்நெம்ண்ட். அது ஒரு சபை. அங்கே வருவது வேட்டாக், அதாவது நிர்வாக முடிவு; தீர்ப்பு இல்லை. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு. பெற்றோருக்கு மட்டுப்படுத்தப்பட்ட அளவில் ஃபோரெல்ட்ரெஆன்ஸ்வார் அதன் பிறகும் பெரும்பாலும் இருக்கும்.

மரணத்துக்குப் பிறகான தாள்களில் ஷிஃப்தெஅத்தெஸ்ட் முக்கியம். வாரிசுகள் கடன்பொறுப்பை ஏற்றுக்கொண்டு தாங்களே சொத்தைப் பிரிக்க முன்வந்தால் நீதிமன்றம் தரும் சான்று. 'புரோபேட் சர்டிஃபிகேட்' என்று நோர்வேயிலேயே எழுதுகிறார்கள். சென்னை வங்கிக்கு அது போனால் 'புரோபேட்' என்றதும் உயில் எங்கே என்று கேட்கலாம், ஏனென்றால் அங்கே அந்தச் சொல் உயிலோடு பிணைந்தது. உயில் இல்லாமலும் தரப்படும் சான்று என்று குறிப்பு வையுங்கள். உஷிஃப்தெ இன்னும் வித்தியாசமானது: ஒருவர் இறந்ததும் மற்றத் துணை சொத்தைப் பிரிக்காமல் முழுவதையும் தன் கையில் வைத்துக்கொள்வது. இறந்தவருக்கு வேறு உறவில் பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களின் சம்மதம் தேவை. இதற்கு இங்கிலாந்தில் இணை இல்லை. 'அன்டிவைடட் எஸ்டேட்' என்று எழுதி விளக்குவதைத் தவிர வழியில்லை. பிள்ளைகளின் கட்டாயப் பங்கான ப்ளிக்ட்டேலும் அப்படித்தான். சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆனால் 2021இல் நடைமுறைக்கு வந்த வாரிசுச் சட்டப்படி ஒரு பிள்ளைக்கு 15 'G' உச்சவரம்பு. அந்த ஒற்றை எழுத்து நாட்டுக் காப்புறுதியின் அடிப்படைத் தொகை, வருடாவருடம் மாறும். தாளில் எழுத்தாகவே விட்டுவிட்டால் வெளியே யாருக்கும் புரியாது.

நீதிமன்றப் பெயர்களில் அதிகம் மெனக்கெட வேண்டாம். அவை தங்களுக்குத் தாமே வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயரை எடுங்கள்: திங்ரெட் 'டிஸ்ட்ரிக்ட் கோர்ட்', லாக்மன்ஸ்ரெட் 'கோர்ட் ஆஃப் அப்பீல்', ஹோயெஸ்தெரெட் 'சுப்ரீம் கோர்ட்'. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் லாக்மன்ஸ்ரெட்டை 'ஹை கோர்ட்' என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அதைப் பின்பற்றாதீர்கள், லண்டனில் ஒரு பொருள், சென்னையில் ஒரு பொருள், கொழும்பில் இன்னொரு பொருள். 2002க்கு முந்திய தாள்களில் பீரெட், ஹெர்ரெட்ஸ்ரெட் என்று வரும். அவைதான் பிறகு திங்ரெட் ஆகின. மெட்டொம்மர் 'லே ஜட்ஜ்'. ஜூரி உறுப்பினர் இல்லை, நீதிபதிக்குச் சமமான வாக்கோடு உட்காரும் பொதுமகன். உண்மையான ஜூரியும் முன்பு இருந்தது, லாக்மன்ஸ்ரெட்டின் பெரிய குற்ற வழக்குகளில், 2018இல் ஒழித்துவிட்டார்கள். ஆக, பழைய தாளில் லாக்ரெத்தெ என்று கண்டால் அங்கே 'ஜூரி' சரிதான்.

ஃபோர்லிக்ஸ்ரோட் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. பொதுமக்களில் மூன்று பேர் உட்கார்ந்து சிறிய சிவில் வழக்குகளைச் சமாதானப்படுத்தும் சபை. 'மீடியேஷன் போர்டு' என்றால் வெறும் பேச்சுவார்த்தை என்று எடுத்துக்கொள்வார்கள். அது தீர்ப்பும் கொடுக்கும், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றவும் முடியும். 'கன்சிலியேஷன் போர்டு' என்று எழுதி, கீழே இருப்பது தீர்ப்பு என்றால் 'ஜட்ஜ்மென்ட்' என்றே போடுங்கள்.

தீர்ப்புத் தாளின் உள்ளே டொம் 'ஜட்ஜ்மென்ட்'. ஷென்னெல்ஸெ, பெஷ்லுத்னிங் இரண்டும் அதற்குக் கீழான நீதிமன்ற முடிவுகள். 'ரூலிங்', 'டிசிஷன்' என்று ஆவணம் முழுக்க மாறாமல் வைத்தால் போதும். சிக்கல் கடைசிப் பக்கத்தில். டொம்ஸ்ஷ்லுத்னிங் என்று தலைப்புப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சில வரிகள். 'கன்குளூஷன்' என்று மொழிபெயர்த்தால் நீதிபதியின் சுருக்கவுரை போல் ஆகிவிடும். யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கட்டளையிடும் பகுதியே அதுதான், நிறைவேற்றப்படுவதும் அதுதான். 'ஆபரேட்டிவ் பார்ட்' என்றோ 'ஓர்டர்' என்றோ எழுதுங்கள். ரெட்ஸ்க்ராஃப்திக் என்ற முத்திரை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். இனி மேன்முறையீடு இல்லை, முடிவு இறுதியானது என்று பொருள். சிவில் தீர்ப்பில் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம், குற்றத் தீர்ப்பில் இரண்டு கிழமை. வெளிநாட்டு அலுவலகங்கள் தாளில் முதலில் தேடுவதே அந்த 'ஃபைனல்'.

வெளிநாட்டவர் திணைக்களத்தின் கடிதங்களில் க்லாகெ என்று வரும். அகராதி 'கம்ப்ளெயின்ட்' என்கிறது. நிர்வாக முடிவுக்கு எதிரான க்லாகெ ஒரு 'அப்பீல்'. 'கம்ப்ளெயின்ட்' என்று எழுதினால் உத்தியோகத்தர் மரியாதையில்லாமல் பேசினார் என்று முறையிட்டது போல் இருக்கும். நாடுகடத்தலிலும் இரண்டு உண்டு: ஊட்விஸ்னிங் 'எக்ஸ்பல்ஷன்', பொதுவாக மீள்நுழைவுத் தடையோடு வரும், பொர்ட்விஸ்னிங் எல்லையிலோ உள்ளேயோ அனுமதி மறுத்துத் திருப்புவது. இரண்டையும் 'டிபோர்ட்டேஷன்' என்று எழுதினால் இலேசான விவகாரம் கனமாகிவிடும்.

சின்ன விஷயமாகத் தோன்றிப் பெரிய சேதம் செய்வது சட்டப் பிரிவு எண்கள். பாராக்ராஃப் என்றால் 'செக்ஷன்'. லெட் என்றால் 'பாராகிராஃப்'. ஒலியை நம்பிப் பாராக்ராஃபை 'பாராகிராஃப்' ஆக்கினால் எண்கள் எல்லாம் ஒரு படி இடம்பெயரும். புங்க்தும் என்பது வாக்கியம், முற்றுப்புள்ளி இல்லை. அரசியலமைப்புக்கு மட்டும் விதிவிலக்கு: அதன் ஆங்கில வடிவத்தில் நாடாளுமன்றமான ஸ்டூர்ட்டிங் 'ஆர்ட்டிகிள்' என்கிறது. எவென்துவெல்ட் என்பதற்கு 'ஈவென்சுவலி' என்று எழுதாதீர்கள், அது 'இருந்தால்' என்று பொருள்படும். ஃபோரெல்டெல்ஸெ பெற்றோரைப் பற்றியது இல்லை, காலாவதி.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்பீர்கள். முதல் வரைவுக்கு எடுக்கலாம், நானும் எடுப்பேன். அது முதல் பக்கத்தில் 'சார்ஜ்ட்' என்றும் நான்காம் பக்கத்தில் 'அக்யூஸ்ட்' என்றும் எழுதும். படிக்கும் சட்டத்தரணி இரண்டும் வேறு நிலைகள் என்று நினைப்பார். அதனால் தொடங்கும்போதே ஒரு சின்னச் சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சரிபாருங்கள். தனியாருடைய தீர்ப்பை யாரோ ஒருவரின் இலவசத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் வழக்கு என்றால் ஏற்றவே வேண்டாம். குறிப்புகளையும் அளவாக வையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு குறிப்பு இருந்தால் அந்த அதிகாரி ஒன்றையும் படிக்க மாட்டார். முடிவை மாற்றக்கூடிய சொல்லுக்கு மட்டும் வையுங்கள். முதல் தடவை வரும்போது நோர்வேஜியச் சொல்லைச் சாய்வெழுத்தில் பக்கத்தில் விடுவது எப்போதும் நல்லது. யாருக்காவது சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க அது ஒன்றே வழி.

கடைசியாக, தாள் எங்கே போகிறது என்று கேட்கும்போதே, யார் மொழிபெயர்க்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். நீதிமன்றமோ குடிவரவு அலுவலகமோ பெரும்பாலும் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின், அதாவது ஸ்டாட்ஸ்ஔதோரிஸெர்ட் ட்ரான்ஸ்லாதோரின், முத்திரை கேட்கும். அந்த அங்கீகாரம் உங்களிடம் இல்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதினாலும் திருப்பி அனுப்புவார்கள், உறவினருக்கு நாட்களும் காசும் வீண். அபோஸ்டில், அதாவது வெளிநாட்டில் தாளை ஏற்பதற்கான அத்தாட்சி முத்திரை, தேவைப்பட்டால் அதை ஸ்டாட்ஸ்ஃபோர்வால்டர் போடுவார். முத்திரை மூலத்துக்கு வேண்டுமா, மொழிபெயர்ப்புக்கு வேண்டுமா, இரண்டுக்குமா என்று தாளைப் பெறப்போகிற அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.